சஞ்சீவி ராஜா வீட்டுத் தங்கமீன்கள்

கொத்தனார் இருதயம் கட்டிய தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. அதில் விட்ட மீன்கள்தான் செத்துக்கொண்டிருந்தன.

ராஜபாளையத்தில் அந்த நாளில் சிமிண்டு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. மில் கட்டடம் எழும்பியபோது வெளியூர் மேஸ்திரிகளிடம் கலவை குழைத்துப் பழகி, பிறகு தானே கரண்டி பிடித்தவன் இருதயம். மாதா கோவிலுக்குப் பின்னால் அவன் வீடு. மனைவி ஞானபாக்கியத்துக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர் சுடலைமாடத்தி. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்தவள். அவளுடைய அண்ணன் பேச்சிமுத்து சேரவில்லை. தனக்குத் தன் சாமி போதும் என்று சொல்லிவிட்டான். ஆனாலும் போக்குவரத்துக்கும் பிரியத்துக்கும் குறைவில்லை. அவன் சஞ்சீவி ராஜா வீட்டில் தோட்டக்காரன். பெண்சாதி போன பிறகு அந்தத் தோட்டத்துக் கொட்டகையிலேயே படுக்கை, சமையல் எல்லாம். தோட்டத்தில் மீன் தொட்டி கட்ட வேண்டும் என்று ராஜா சொன்னதும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியவனும் அவன்தான்.

மீன்கள் அந்த வீட்டுக்கு வந்த புது மருமகள் மங்கம்மாவுடையவை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கச்சேரியில் வக்கீலாக இருந்தார் அவள் அப்பா. கொழும்பில் கடை வைத்திருந்த அண்ணன், போட் மெயில் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடிச் சாடியில் அந்தத் தங்கமீன்களைத் தங்கைக்குக் கொடுத்தான். பிறந்த வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பழைய கல்தொட்டியைக் கழுவி அதில் விட்டிருந்தாள். பாசி படர்ந்த அந்தத் தண்ணீரில் மீன்கள் கொழுத்து, வால் அகன்று, முந்தானையை உதறியதுபோல் நீந்தின. கல்யாணமாகி வரும்போது சீரோடு சீராக அவையும் வந்தன.

மாமனாருக்கு அதில் பெருமை. மில்லுக்கு வரும் துரைமார் பார்க்கிற மாதிரி வட்டத் தொட்டி வேண்டும், நடுவில் சிமிண்டிலேயே தாமரை வேண்டும் என்றார். இருதயம் தன் தொழிலில் அதுவரை காட்டாத நகாசெல்லாம் அதில் காட்டினான். உள்பூச்சு வழவழவென்று பீங்கான் போல இருந்தது. வழக்கமாக என்றால் தண்ணீர் நிறுத்தி, வடித்து, மறுபடி நிறுத்தி, பூச்சை நன்றாக இறுகவிட்டுத்தான் ஒப்படைப்பான். ராஜா ஆடிப்பெருக்குக்கு நாள் குறித்துவிட்டார். மேற்கு மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்த காலையில், மாடு பூட்டிக் கமலையில் இறைத்த கிணற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து தொட்டியில் விழுந்தது. மங்கம்மா மஞ்சள் குங்குமம் தூவி மீன்களை விட்டாள். தொட்டியின் தரையில், பூச்சு ஈரமாக இருந்தபோது கரண்டி முனையால் இருதயம் சின்னதாக ஒரு சிலுவை கீறியிருந்தான். எந்த வேலையிலும் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் அதைப் போடுவது அவன் பழக்கம்.

பெருக்கு கழிந்த மறுநாளே ஒரு மீன் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதன் உடம்பில் பால் ஆடை போல வெள்ளை படிந்தது. வால் ஓரம் கிழிந்து, செதில் தூக்கி, ரத்தக் கோடுகள் தெரிந்தன. அது செத்து மிதந்த அன்றைக்கு இன்னொன்று தொட்டியை விட்டு எகிறித் தரையில் விழுந்து கிடந்தது. பேச்சிமுத்து அதைக் கையில் எடுத்தபோது சோப்புத் தேய்த்ததுபோல் வழுக்கியது என்றான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆடிக் காற்று ஆகாது என்றார் கணக்குப்பிள்ளை. துரைமார் கண் பட்டுவிட்டது என்றாள் சமையல்காரி. பொரி அதிகம் போட்டிருப்பீர்கள் என்று பொரியை நிறுத்திப் பார்த்தார்கள். பட்டினி போட்டிருப்பீர்கள் என்று மறுபடி போட்டுப் பார்த்தார்கள். வெயில் படாமல் பந்தல் போட்டார்கள். மங்கம்மா மட்டும், கொழும்பு அண்ணன் எப்போதோ சொன்னதை வைத்து, மிச்சமிருந்த மீன்களை எடுத்துப் பெரிய மண்தொட்டியில் குளத்துத் தண்ணீரும் பாசியும் போட்டு, ஒரு கை உப்பும் கரைத்து விட்டாள். வெள்ளை மெல்ல உரிந்தது. மீன்கள் தேறின. சந்தோஷமாகத் திரும்பச் சிமிண்டுத் தொட்டியில் விட்டாள். திரும்பவும் வாயைப் பிளந்தன.

அந்தச் சந்தோஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மண்தொட்டியில் பிழைக்கிறது, இதில் சாகிறது என்றால் தண்ணீரில் எவனோ கை வைக்கிறான் என்று ராஜா முடிவு செய்தார். தொட்டியண்டை ராப்பகலாக இருப்பவன் ஒருவன்தான். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எதைக் கலந்தாய், யார் சொல்லிக் கலந்தாய் என்று கேட்டார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே நின்றான். அவன் நின்ற விதத்தைப் பார்த்து, சந்தேகப்படாதவர்களும் சந்தேகப்பட்டார்கள். அன்று மாலையே கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

தங்கை வீட்டுக்கு வந்தான். ஞானபாக்கியம் சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். பிசைந்தான், சாப்பிடவில்லை. விடிந்ததும், செண்பகத்தோப்பில் காட்டிலாகாக்காரர்கள் நாற்றுப் போட ஆள் எடுக்கிறார்களாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ஞானபாக்கியம் புருஷனைக் கேட்டாள்.

"எங்கண்ணன் செஞ்சிருப்பானா?"

"உங்கண்ணன் எறும்பு புத்தைக் கூடச் சுத்திக்கிட்டுப் போறவம்லா."

"அப்ப இல்லைன்னு ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

இருதயத்துக்கும் அதுதான் புரியவில்லை.

தொட்டியை வடித்துக் கழுவ ராஜா அவனையே கூப்பிட்டனுப்பினார். மச்சானைத் துரத்திய வீட்டுக்குப் போவதா என்று இருந்தது. போகாவிட்டால் அவனும் சேர்ந்ததாக ஆகும். போனான். வாளி வாளியாக இறைத்து ஊற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கித் தேங்காய் நாரால் தேய்த்தான். விஷப் பொட்டலம், வேர், கொட்டை ஏதாவது கிடக்கிறதா என்று கணக்குப்பிள்ளை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் தன் சிலுவை தெளிவாகத் தெரிந்ததும் இருதயம் தேய்ப்பதை நிறுத்தினான். ஆடிப்பெருக்கன்று மஞ்சள் குங்குமம் தூவிக் கங்கையென்று கும்பிட்ட இடம். அதன் அடியில் நாம் எதையோ கீறி வைத்தோமே, அதனால் இருக்குமோ என்று நினைத்தான். கணக்குப்பிள்ளை அதைக் கொத்தனார் அடையாளம் என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கால் விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கலவை மிதிக்கிற நாளில் ஞானபாக்கியம் செய்வதுபோல, புளியைக் கரைத்துக் காலில் ஊற்றி, தேங்காயெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, இன்றைக்கு ஏது கலவை என்று கேட்டாள். இன்றைக்குக் கலவை மிதிக்கவில்லை, வெறும் தொட்டியில்தான் நின்றேன் என்றான். சொன்ன பிறகு, சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

மனிதன் காலையே இப்படிச் செய்தால் மீன் என்னத்துக்கு ஆகும் என்று ஒரு யோசனை. உடனே, சிமிண்டு கொல்லுமென்றால் ஊரில் எத்தனை தொட்டி கட்டியிருக்கிறோம், மாடு குடிக்கிறது, மனிதன் குளிக்கிறான், யார் செத்தார்கள் என்று எதிர் யோசனை. அவற்றில் யாரும் மீன் விட்டதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சிமிண்டா, சிலுவையா, மச்சானா என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டேயிருந்தது. கோவிலில் முழந்தாளிட்டாலும் ஜெபம் ஓடாமல் மீன்தான் ஓடியது.

மிச்சமிருந்த சிமிண்டில் புழக்கடையில் ஒரு சின்னத் தொட்டி கட்டினான். அதில் சிலுவை போடவில்லை. கண்மாயில் வலை வீசிக் கெண்டைக் குஞ்சுகள் பிடித்துவந்து பாதியைத் தொட்டியிலும் பாதியை மண்பானையிலும் விட்டான். விடிந்து பார்த்தால் தொட்டியில் இருந்தவை எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஓடிப்போய்ப் பானையை எட்டிப் பார்த்தான். அதிலும் பாதி செத்துக் கிடந்தது.

"பானையிலயும்லா செத்திருக்கு" என்றாள் ஞானபாக்கியம்.

"வலையில அடிபட்டதா இருக்கும்."

"அப்ப தொட்டியில செத்ததும் வலையில அடிபட்டதா இருக்கும்லா?"

செத்தவற்றைக் கோழி கொத்திக்கொண்டு போயிற்று.

இதற்கிடையில் ராஜா வீட்டில் வேறு பேச்சு முளைத்திருந்தது. ராஜாவின் மனைவியை எல்லாரும் பெரியம்மா என்பார்கள். நல்ல மனுஷிதான், ஆனால் சகுனம் என்றால் நடுங்குவாள். சீரோடு வந்த உயிர் இப்படி ஒவ்வொன்றாகப் போவது எதற்கு அறிகுறியோ என்று உறவுக்காரிகள் ஓதினார்கள். மருமகள் கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருக்கட்டும், அதற்குள் பரிகாரம் செய்துவிடலாம் என்று ஆயிற்று. மங்கம்மா கிளம்பும்போது மண்தொட்டியில் பிழைத்துக் கிடந்த மீன்களைக் கூடக் கொண்டுபோக விடவில்லை. அவை இந்த வீட்டுச் சொத்தாம். வில்வண்டியில் ஏறிய அவள் அழவில்லை என்றும், அதுவே நெஞ்சைப் பிசைந்தது என்றும் சமையல்காரி ஞானபாக்கியத்திடம் சொன்னாள்.

பரிகாரம் தடபுடலாக நடந்தது. தொட்டியைச் சுற்றி வாழைமரம் நட்டு, பந்தல் போட்டு, ஐயர்மார் வந்து மந்திரம் சொன்னார்கள். முடிந்ததும் வாழைமரங்களை வெட்டி, காலித் தொட்டிக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். எடுத்துப் போடத் தோட்டக்காரன் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தொட்டி நிறைந்து வழிந்தது, வழிந்து நிறைந்தது. வாழைத்தண்டு அழுகித் தண்ணீர் காப்பி நிறமாயிற்று. மழை விட்டு, ஆள்விட்டு அள்ளிக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றி, மண்தொட்டி மீன்களை விட்டார்கள்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. வெள்ளை படியவில்லை, வால் கிழியவில்லை. சிமிண்டுத் தாமரையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

இருதயம் கேள்விப்பட்டதும் முதலில் சேசுவே என்று கும்பிட்டான். மீன் பிழைக்கட்டும் என்றுதானே மன்றாடிக்கொண்டிருந்தான். மத்தியானம் சந்தைப் பக்கம் போனபோதுதான் ஊர் என்ன சொல்கிறது என்று தெரிந்தது. பார்த்தாயா, கள்ளப்பயல் போனதும் மீன் பிழைத்துவிட்டது என்றார்கள். பெண்கள் கூட்டத்தில் இன்னொன்று பேசினார்கள். பார்த்தாயா, அந்தப் பெண் படியிறங்கியதும் பிழைத்துவிட்டது. மீன் செத்தபோது வெறும் சந்தேகமாக இருந்தது, பிழைத்த பிறகு தீர்ப்பாகிவிட்டது. அவன் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினான்.

"போய் எங்கண்ணனைக் கேட்டுட்டு வாங்க" என்றாள் ஞானபாக்கியம். "செஞ்சேன்னு சொன்னாலும் சரி. எனக்கு இப்படி ரெண்டுங்கெட்டானா இருக்க முடியல."

செண்பகத்தோப்புக்கு மாட்டுவண்டியில் பாதி, நடை பாதியாகப் போய்ச் சேர்ந்தான். மலையடிவாரம் முழுக்க மழை கழுவிய பச்சை. ஓடையில் தண்ணீர் சலசலத்தது. பேச்சிமுத்து நாற்றங்காலில் செம்மண் சுமந்துகொண்டிருந்தான். இளைத்திருந்தான். மாப்பிள்ளையைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓடைக்குக் கூட்டிப்போய் ஒரு பாறையில் உட்காரவைத்து, தூக்குச்சட்டியில் இருந்த கம்பங்கஞ்சியை நீட்டினான். இரண்டு பேரும் காலைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள். குஞ்சு மீன்கள் வந்து காலை மொய்த்துக் கொத்தின.

மீன் பிழைத்த கதையை இருதயம் சொன்னான். பேச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான்தான் மாப்ள கொன்னிருக்கேன்."

இருதயம் கஞ்சியைக் கீழே வைத்தான்.

"ரோசாச் செடியில அசுவினிப் பூச்சி அப்பிக் கெடந்துச்சு. பொகையிலையக் காய்ச்சித் தெளிச்சேன். தெளிச்சிட்டு அந்தப் பூவாளியத் தொட்டி ஓரத்துல வச்சுக் கழுவினேன். கழுவின தண்ணி கொஞ்சம் உள்ள போயிருக்கும். இல்ல, போகாமலும் இருந்திருக்கும். ராசா கேக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகத்துல நின்னுச்சு. எப்படி இல்லைம்பேன்?"

"எப்ப கழுவுன? மொத மீன் சாகுறதுக்கு முந்தியா பிந்தியா?"

பேச்சிமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "முந்தின்னுதான் நெனச்சேன். நெனைக்க நெனைக்க பிந்தின்னும் தோணுது. ஒரே கொழப்பம் மாப்ள."

அப்போது இருதயம் தன் கால் எரிந்ததைச் சொன்னான். புழக்கடைத் தொட்டியைச் சொன்னான். யாரிடமும் சொல்லாத சிலுவையையும் சொன்னான். பேச்சிமுத்து சிலுவைக்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். சாமிமார் ஒருத்தர் பேருக்கு ஒருத்தர் கோபித்துக்கொண்டு பச்சைப்பிள்ளை போல இருக்கிற உயிரைக் கொல்ல மாட்டார்கள் என்றான். சிமிண்டை மட்டும் அவன் மறுக்கவில்லை. பிறகு, தங்கை வீட்டு அடுப்பு எரிய வேண்டும், இதை ராஜா வீட்டில் போய்ச் சொல்லாதே என்றான். சிமிண்டு மீனைக் கொல்லும் என்று பேர் வந்தால் நாளைக்குப் பிள்ளையைக் கொல்லும் என்பார்கள், எவன் வேலைக்குக் கூப்பிடுவான் என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் இருதயத்துக்கு அந்தப் பேச்சு சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குள் நுழைந்து ஞானபாக்கியத்தின் முகத்தைப் பார்த்ததும் சரியாகப் படவில்லை. பூவாளி கதையைக் கேட்டுவிட்டு அவள், இத்தனை நாளும் அவன் அதைத் தலையில் சுமந்துகொண்டா அலைந்தான் என்று கேட்டாள். மறுநாள் காலையில், கோவில் திருநாளுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளை வேட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

ராஜா தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தான் கட்டப்போகும் வீட்டுக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வேண்டும், நீதான் வந்து கட்ட வேண்டும் என்று அவரே பேச்சைத் தொடங்கினார். இருதயம் கையைக் கட்டிக்கொண்டு, அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றான். காலில் ஏற்பட்ட எரிச்சலையும், ஆறப்போடாமல் தண்ணீர் ஏற்றியதையும், மழையிலும் வாழைத்தண்டிலும் சிமிண்டின் காரம் முறிந்திருக்கலாம் என்பதையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தான்.

ராஜா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாதுன்னா எதுக்குலே வந்து சொல்லுத?"

"தோட்டக்காரர்தான்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாதுல்லங்களா ஐயா. அவரு வேலை போயிட்டு. சின்னம்மா வீட்டை விட்டுப் போயிட்டாக. நான் மட்டும் நல்ல கொத்தன்னு பேரெடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

நாள் குறித்தது தான் என்பது ராஜாவுக்கு நினைவு வந்ததோ என்னவோ, முகம் கடுத்தது. துரைமார் மெச்சிய தொட்டியை விஷத்தொட்டி என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரியாதே, போ என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வேலையைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை இல்லை. இருதயம் வெளியே வந்தபோது, செய்தது சரியா, பைத்தியக்காரத்தனமா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த வேலைக்குத் தளவாய்புரத்திலிருந்து வேறு கொத்தனார் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டான்.

ஆனால் தோட்டத்து வாசல் கதவுக்குப் பின்னால் பெரியம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மங்கம்மா போனதிலிருந்து மகன் அன்றாடம் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அன்றைக்கே வில்வண்டியைப் பூட்டச் சொல்லி, தானே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மருமகளை அழைத்து வந்தாள். வழியில் மங்கம்மா, அப்படியென்றால் என்னால் இல்லையா என்று கேட்டாளாம். சிமிண்டு என்கிறான் கொத்தன், எனக்கென்னம்மா தெரியும் என்றாளாம் பெரியம்மா. வந்து இறங்கிய மங்கம்மா மீனைப் பார்க்கப் போகவில்லை. தோட்டக்காரர் எங்கே என்று கேட்டாள். அவர் வரும்வரை தொட்டிப் பக்கம் வரமாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். ராஜா தடுக்கவில்லை.

செண்பகத்தோப்புக்கு ஆள் போய், தை பிறந்து, பேச்சிமுத்து வந்தான். அதுவும் சுலபமாக வரவில்லை. திரும்ப ஒரு மீன் செத்தால் என்ன செய்வாய் என்று அவன் தங்கையைக் கேட்டான். மாப்பிள்ளையும் கூட வந்தால் வருகிறேன் என்றான். இரண்டு பேரும் காலை வெயிலில் ராஜா வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். மங்கம்மாவும் பெரியம்மாவும் ஏற்கெனவே தொட்டியருகே நின்றார்கள். ராஜா சற்றுத் தள்ளி நாற்காலியில் இருந்தார்.

இருதயம் எட்டிப் பார்த்தான். தாமரைக்கு அருகில் ஒரு தங்கமீன் ஒருக்களித்து மிதந்தது. உடம்பில் வெள்ளை இல்லை, காயம் இல்லை. மற்றவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. பேச்சிமுத்து ஒரு அடி பின்னால் வைத்தான். துண்டு கக்கத்துக்குப் போனது. மங்கம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். இருதயம் அந்த மீனைப் பார்த்து, இது எதனால் என்று மறுபடி முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினான்.

பெரியம்மா குனிந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டாள். மீனை உள்ளங்கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"வயசாயிட்டு" என்றாள். "பேச்சிமுத்து, இதக் கொண்டுபோய் அந்த ரோசாவுக்கு அடியில பொதைச்சிரு. பொதைச்சிட்டு, செடியெல்லாம் காஞ்சு கெடக்கு, தண்ணி விடு."

பேச்சிமுத்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டான். அது மன்னிப்பா, வேலையா, வெறும் மீன்தானா என்று அவனுக்கும் விளங்கியிருக்காது. பிறகு மண்வெட்டி முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.